மண் சுமந்து வரும் தாய்

சென்ற ஆடிப் பதினெட்டன்று குடும்பத்தோடு என் சொந்த ஊருக்குச் சென்றிருந்தேன். குளித்தலைக்கும் முக்கொம்புக்கும் இடையில், காவிரியின் தென்கரையில் உள்ள சிற்றூர் அது. ஆறு இரண்டாகப் பிரியாமல் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடப்பதால், அப்பகுதியில் அதை அகண்ட காவிரி என்றே சொல்வோம்.

படித்துறையில் கோலமிட்டு, மஞ்சள், குங்குமம், காதோலை, கருகமணி, முளைப்பாரி, சித்திரான்னங்கள் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. முதலில் மணலால் பிள்ளையார் பிடிக்க வேண்டும். என் தமக்கையார் குனிந்து கையை நீட்டினார். கைக்கு மணல் அகப்படவில்லை.

என் சிறுவயதில் அந்தப் படித்துறையின் கடைசி மூன்று படிகள் எப்போதும் மணலுக்குள் புதைந்தே இருக்கும். எத்தனை படிகள் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. இன்று எல்லாப் படிகளும் தெரிகின்றன. அவற்றைத் தாங்கும் அடித்தளக் கருங்கல்லும் தெரிகிறது. அதற்கும் கீழே ஆள் உயரத்துக்குப் பள்ளம் இறங்கி, அதில் தண்ணீர் ஓடுகிறது.

பக்கத்தில் நின்ற என் பேரன் சொன்னான்: "தாத்தா, தெருமுனையில வீடு கட்டுறாங்களே, அங்கே எம்-சாண்ட் கொட்டி வெச்சிருக்காங்க. ஒரு பிடி எடுத்துட்டு வரட்டுமா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. காவிரிக் கரையில் பிள்ளையார் பிடிக்க ஒரு பிடி மணல் இல்லாமற்போனதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், அந்த மணல் எங்கிருந்து வந்தது, என்னவெல்லாம் செய்தது என்பதை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நதி என்பது நீர் மட்டுமா?

காவிரியின் பிறப்பைப் புராணம் அழகாகச் சொல்கிறது. அகத்திய முனிவரின் கமண்டலத்தில் அடங்கியிருந்தவளை, விநாயகப் பெருமான் காக்கை வடிவில் வந்து கவிழ்த்து ஓடவிட்டார். நாம் அக்கதையைக் கேட்கும்போதெல்லாம் கமண்டலத்திலிருந்து சிந்திய நீரை மட்டுமே நினைக்கிறோம். ஆனால் ஒரு நதி மலையிலிருந்து இறங்கும்போது மலையையும் சிறிது சிறிதாகத் தன்னுடன் எடுத்துக்கொண்டு வருகிறது.

குடகு நாட்டில் பிரம்மகிரி மலைச்சாரலில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,340 மீட்டர் உயரத்தில் உள்ளது தலைக்காவிரி. அங்கிருந்து கடல் வரை சுமார் 800 கிலோமீட்டர் பயணம். மேற்கு மலையில் பொழியும் மழையும், வெயிலும், மரங்களின் வேர்களும் பாறையை இளக்குகின்றன. இளகியதை ஓடைகள் உருட்டுகின்றன. ஆறு வேகமாக ஓடும் இடத்தில் பெரிய கற்களையும் தள்ளும். வேகம் குறையக் குறைய, கனமானதை முதலில் இறக்கும். மலையடிவாரத்தில் உருண்டைக் கற்கள், அப்பால் கூழாங்கற்கள், சமவெளியில் மணல், கடைசியில் மிக நுண்ணிய வண்டல் என்று தரம் பிரித்து வைத்துக்கொண்டே வருகிறது.

தஞ்சைத் தரணி முழுவதும் இவ்வாறு இறக்கி வைக்கப்பட்டதுதான். ஆறு ஒரே வழியில் நெடுங்காலம் ஓடினால், அதன் படுகை வண்டலால் உயர்ந்துவிடும். பெருவெள்ளம் வரும் ஓர் ஆண்டில் கரையை உடைத்துக்கொண்டு தாழ்ந்த இடத்தைத் தேடிப் புது வழியில் ஓடும். அங்கும் வண்டல் சேர்ந்து உயர்ந்தால் மற்றொரு வழி. விசிறியை விரித்தது போல் காவிரி, வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் எனக் கிளைகள் பரவியது இப்படித்தான். ஐந்து ஆறுகளால் பெயர் பெற்ற திருவையாறு அந்த விசிறியின் நடுவில் அமைந்திருக்கிறது. ஒவ்வொரு வெள்ளமும் மெல்லியதொரு படலமாக மண்ணைப் பரப்பிவிட்டுச் சென்றது. பல்லாயிரம் ஆண்டுகளின் அப்படலங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்த மேடைமீதுதான் நம் பாடல் பெற்ற தலங்களில் பெரும்பாலானவை நிற்கின்றன. அந்த நிலம் பொன் விளைத்தமையால் அவள் பொன்னி ஆனாள்.

ஆற்றிடைக்குறையில் அரங்கன்

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. இரண்டும் கல்லணை அருகே மீண்டும் நெருங்கி வருகின்றன. இடையில் ஆறு சேர்த்து வைத்த மணல்திட்டே திருவரங்கம். 'அரங்கம்' என்ற சொல்லுக்கே ஆற்றிடைக்குறை என்று பொருள் உண்டு. 'துருத்தி' என்பதற்கும் அதே பொருள்தான். திருப்பூந்துருத்தி என்ற பெயரிலும், துருத்தி என்று பண்டு வழங்கிய குத்தாலத்திலும் நதியின் கைவண்ணம் பதிந்திருக்கிறது. நம் முன்னோர் தலங்களுக்குப் பெயரிட்டபோது நிலத்தின் வரலாற்றையும் எழுதி வைத்துவிட்டார்கள்.

அதே தீவில் திருவானைக்காவில் இறைவன் அப்புலிங்கமாக எழுந்தருளியிருக்கிறான். கருவறை தாழ்ந்த மட்டத்தில் இருக்க, லிங்கத் திருமேனியைச் சுற்றி ஊற்று நீர் கசிந்துகொண்டிருப்பதைத் தரிசிக்காத அன்பர்கள் குறைவு. அருளின் கண்கொண்டு பார்ப்போருக்கு அது பஞ்சபூதத் தலத்தின் பெருமை. மண்ணின் கண்கொண்டு பார்த்தாலும் அதன் பெருமை குறைவதில்லை. இரு பெரும் ஆறுகளுக்கு நடுவே ஆழமாகப் படிந்துள்ள மணல் நீரைத் தன்னுள் வாங்கி வைத்திருக்கும் இயற்கை நீர்த்தொட்டி அத்தீவு. மணலின் ஒவ்வொரு இரு துகள்களுக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளியில் நீர் நிற்கிறது. ஆற்றின் மேற்பரப்பு வறண்டு கிடக்கும் கோடையிலும் சிறுவர்களாகிய நாங்கள் கையால் மணலைத் தோண்டி, ஊறிவரும் நீரைக் குடித்திருக்கிறோம். இன்றும் காவிரி, கொள்ளிடத்து மணலில் இறக்கிய கிணறுகளிலிருந்துதான் இராமநாதபுரம் வரை கூட்டுக் குடிநீர் செல்கிறது. மணல் போனால் அந்த நீர்த்தொட்டியே போகும்.

கரிகாலன் அறிந்த இரகசியம்

கொள்ளிடம் தாழ்வானது, கடலுக்கு நேர்வழியில் செல்வது. காவிரியோ சற்று உயர்ந்த தளத்தில் வளைந்து ஓடுவது. நீரின் இயல்பு தாழ்ந்த இடத்தை நாடுவது. அப்படியே விட்டிருந்தால் காவிரி நீரெல்லாம் கொள்ளிடம் வழியே கடலுக்குப் போய், தஞ்சை நாடு வறண்டிருக்கும். அதைத் தடுக்க எழுந்ததே கல்லணை. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் கரிகால் சோழன் கட்டியதாகப் போற்றப்படும் அந்த அணை, 329 மீட்டர் நீளத்தில் வளைந்து நெளிந்து கிடக்கிறது.

ஆற்று மணலுக்கு அடியில் பாறை எட்டாத இடத்தில் எப்படி அணை கட்டினார்கள்? பெரும் பாறைகளை மணல்மேல் போட்டார்கள். அடியில் மணல் அரிக்க அரிக்க அவை தாமாகவே புதைந்தன. அவற்றின்மேல் மேலும் பாறைகள். ஒரு நிலையில் புதைவது நின்று, மேலே வைத்த கற்கள் உறுதியாக நின்றன. ஆற்றின் அரிப்பையே வேலையாளாக்கிக்கொண்ட மதிநுட்பம் இது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன், மணற்படுகையில் அடித்தளம் அமைக்கும் வித்தையை இந்த அணையிடமிருந்தே கற்றதாக ஒப்புக்கொண்டார்.

அவர் வந்த காலத்தில் காவிரியின் முகப்பில் மணல் மேடிட்டு, நீர் கொள்ளிடத்தை நாடத் தொடங்கியிருந்தது. கல்லணையில் மணல் போக்கும் மதகுகளை அவர் அமைத்தார். 1836-இல் முக்கொம்பில் மேலணையும், அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. கரிகாலன் முதல் காட்டன் வரை இந்த ஆற்றோடு பழகியவர்கள் அனைவரும் நீரைப் பற்றி நினைத்த அளவுக்கு மணலைப் பற்றியும் நினைத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. அந்நாளில் மணல் மிகுதி என்பதே கவலை. நம் காலத்தில் கவலை தலைகீழாகிவிட்டது.

ரக்தாட்சி வருஷத்து வெள்ளம்

என் பாட்டனார் 'ரக்தாட்சி வருஷ வெள்ளம்' என்று அடிக்கடி சொல்வார். 1924-ஆம் ஆண்டு ஆடியில் வந்த பெருவெள்ளம் அது. மேட்டூர்ப் பகுதியில் விநாடிக்கு 4,56,000 கன அடி நீர் பாய்ந்ததாகக் கணக்கு. அப்போது மேட்டூரில் அணை இல்லை. எங்கள் ஊரில் கீழத்தெரு முழுவதும் இடிந்தது. மாடுகள் மிதந்து போயின. பெருமாள் கோயில் மதிலின்மேல் ஏறி நின்று மூன்று இரவுகளைக் கழித்ததாகப் பாட்டனார் சொல்வார்.

அவர் அடுத்துச் சொல்வதுதான் எனக்கு நெடுநாள் புரியாமலிருந்தது. "வெள்ளம் வடிஞ்சப்புறம் வயலைப் பார்த்தோம். எங்க பங்காளி வயல்ல மணல் மேவிப் போச்சு. பத்து வருஷம் அதுல ஒண்ணும் விளையலை. நம்ம வயல்ல முழங்கால் உயரம் வண்டல். அஞ்சு வருஷத்துக்கு எரு வைக்கவே இல்லை தம்பி. ஒரே ஆத்தா, ஒரு கையால அடிச்சா, ஒரு கையால ஊட்டினா."

இயற்கைச் சீற்றம் என்று நாம் சொல்வதற்குள் அழிவும் ஆக்கமும் இப்படித்தான் கலந்திருக்கின்றன. வெள்ளம் ஆற்றின் நடுவே அடர்ந்த புதரைத் துடைத்து வழியைச் சீராக்குகிறது. கரையோரப் படுகைக்குப் புது மண் கொடுக்கிறது. வாழையும் வெற்றிலையும் கோரையும் அப்படுகைகளில் செழித்தது அதனால்தான். மீன்கள் முட்டையிட ஆழமற்ற புது நீர்நிலைகளை வெள்ளம் உண்டாக்குகிறது. கரைகளில் நீர்மருதும் நாவலும் வேரூன்ற இடம் தருகிறது. திருவிடைமருதூரில் மருதும் திருவானைக்காவில் வெண்நாவலும் தலவிருட்சங்களாக விளங்குவதை நினைத்துப் பாருங்கள். கரையைத் தம் வேர்களால் பிடித்து நிற்கும் மரங்களைத் தெய்வத்தின் பெயரால் வெட்டாமல் வைத்தது நம் மரபு.

சுமை இறக்கிய நீர்

1925-இல் தொடங்கி 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. 120 அடி உயரத்துக்கு, 93.47 டி.எம்.சி. நீரைத் தேக்கும் அந்த அணையால் ஆண்டுதோறும் வெள்ளத்துக்கு அஞ்சும் நிலை மாறியது. டெல்டாவின் சாகுபடி ஒழுங்கானது. அதனால் வாழ்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஆதலால் அணையைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை.

ஆனால் ஒவ்வொரு வரவுக்கும் எதிரில் ஒரு செலவு உண்டு என்பதை வங்கியில் அமர்ந்த எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஓடிவரும் ஆறு அணைக்குள் நுழைந்ததும் அசைவற்று நிற்கிறது. நின்ற நீர் தன் சுமையைக் கீழே இறக்கிவிடுகிறது. மணலும் வண்டலும் அணையின் அடியில் தங்க, தெளிந்த நீர் மட்டுமே மதகு வழியே வெளியே வருகிறது. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது, அணைக்குள் மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி பண்ணவாடியில் வெளியே தலைகாட்டும். பலர் படகில் சென்று தரிசித்திருப்பீர்கள். அந்த நந்தியைச் சுற்றி வெடித்துக் கிடக்கும் சேறு, நம் வயல்களுக்கு வந்திருக்க வேண்டிய வண்டல்.

மேட்டூருக்குக் கீழே பவானியும் நொய்யலும் அமராவதியும் காவிரியில் சேர்கின்றன. அவற்றின் குறுக்கேயும் அணைகள் இருப்பதால் அவை கொண்டுவரும் மண்ணும் குறைந்துவிட்டது.

சுமையை இறக்கிய நீர் சும்மா ஓடுவதில்லை. சுமக்கும் வலு அதனிடம் அப்படியே இருக்கிறது. ஆகவே போகும் வழியில் படுகையையும் கரையையும் அரித்துத் தனக்கு வேண்டிய மண்ணை எடுத்துக்கொள்கிறது. வருவது நின்று, போவது மட்டும் நடக்கும் கணக்கு நாளுக்கு நாள் இளைக்கும். அதன்மேல் நாமும் கை வைத்தோம்.

1990-களில், இதே காவிரிக் கரையில் ஒரு வங்கிக் கிளைக்கு நான் மேலாளராக இருந்தேன். நகரங்களில் அடுக்குமாடி வீடுகள் எழுந்துகொண்டிருந்த காலம். ஆற்று மணலுக்குத் தேவை பெருகியது. மணல் ஏற்ற லாரி வாங்க இளைஞர்கள் கடன் கேட்டு வந்தனர். நிலமில்லாத, வேலையில்லாத பிள்ளைகள். பிழைப்புக்கு ஒரு வழி கேட்டார்கள். மூன்று ஆண்டுகளில் 11 லாரிகளுக்கு என் கையெழுத்தில் கடன் வழங்கினேன். ஒரு தவணைகூடத் தவறவில்லை. பயிர்க்கடன் வாங்கிய விவசாயிகளோ தவணை தள்ளிப்போட்டு என் மேசைமுன் தலைகுனிந்து நின்றார்கள். கடன் வசூலில் சிறந்த கிளை என்று மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சட்டமிட்டு மாட்டிக்கொள்ளாத குறைதான்.

ஒருநாள் என் தாயார் பேச்சுவாக்கில் கேட்டார்: "ராத்திரி முழுக்க லாரி போறதேடா, அவ்வளவு மணலும் எங்கேருந்துடா வரும்?" நான் சிரித்துக்கொண்டே, "ஆத்துலேருந்துதான்மா. அடுத்த வெள்ளத்துல திரும்ப வந்துடும்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது திரும்பி வரவேயில்லை. வர வேண்டியது மேட்டூரில் தங்கிவிடுகிறது என்பதை நான் அன்று எண்ணிப் பார்க்கவில்லை. கடன் விண்ணப்பத்தில் லாரியின் விலை, வருமானம், ஜாமீன்தாரரின் சொத்து எல்லாவற்றையும் சரிபார்த்தேன். ஆற்றின் கையிருப்பைச் சரிபார்க்க அந்த விண்ணப்பத்தில் இடமே இல்லை.

ஆறு திருப்பிக் கேட்டபோது

2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி, விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் நீர் திறந்துவிடப்பட்டது. 1924-இன் வெள்ளத்தில் பாதிக்கும் குறைவு. திருச்சிக்கும் திருவரங்கத்துக்கும் வடக்கே கொள்ளிடத்தில், 1928-இல் கட்டப்பட்டு, போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. சில நாட்களில், ஆகஸ்ட் 22-ஆம் தேதி இரவு, முக்கொம்பு மேலணையில் 45 மதகுகளில் 9 மதகுகள் இடிந்து அடித்துச் செல்லப்பட்டன. 182 ஆண்டுகள் நின்ற அணை. அதன் பின்னர் அருகிலேயே புதிய கதவணை கட்டப்பட்டது.

இடிந்ததற்குக் காரணம் கட்டடத்தின் முதுமையா, மணல் குறைந்து படுகை தாழ்ந்ததா என்று அப்போது பெரும் விவாதம் நடந்தது. தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. மறுநாள் திருவரங்கத்திலிருந்து போய்ப் பார்த்தேன். பாலத்தின் தூண்களில் மண்ணுக்குள் மறைந்திருக்க வேண்டிய அடிப்பகுதி வெளியே தெரிந்தது. மணல் முன்பு நின்ற மட்டம் கல்லில் கறையாகப் படிந்திருந்தது. கூட்டத்தில் நின்று அந்தக் கறைக்கும் நீருக்கும் இடையே உள்ள உயரத்தை என் கண்ணால் அளந்தபோது, நான் கையெழுத்திட்ட 11 கோப்புகளும் நினைவுக்கு வந்தன.

கீழே, மயிலாடுதுறை மாவட்டத்தில் கொள்ளிடத்தின் கடைசிப் பகுதியில் நாதல்படுகை, முதலைமேடு, வெள்ளமணல் போன்ற ஊர்கள் உள்ளன. ஊர்ப் பெயர்களே அவை ஆறு தந்த நிலம் என்பதைச் சொல்கின்றன. கொள்ளிடத்தில் உபரி நீர் பெருகும் ஆண்டுகளில் அம்மக்கள் வீட்டை விட்டு முகாம்களுக்குச் செல்கிறார்கள். வெள்ளம் வராத ஆண்டுகளில் கடல்நீர் ஆற்றின் வழியே உள்ளே ஏறி, நிலத்தடி நீர் உப்பாகிறது. படுகை தாழத் தாழக் கடல் மேலும் உள்ளே வரும்.

தில்லை மரம் சொல்வது

ஆற்றின் பயணம் கடலில் முடிகிறது. ஆனால் அதன் பணி அங்கும் முடிவதில்லை. மண்ணைச் சுமந்து வந்து கடலோரத்தில் சேர்ப்பதால்தான் கரை நிலைக்கிறது. அலை எடுத்துக்கொண்டு போகும் மணலுக்கு ஈடாக ஆறு புது மணல் கொடுக்க வேண்டும். தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் ஆலயம் 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் முன்பகுதிகளைக் கடல் கொண்டுவிட்டது. பூம்புகாரைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலைக் காப்பியம் கூறுகிறது. இந்திர விழாவை மறந்ததால் நேர்ந்தது என்பது அக்காப்பியம் காட்டும் காரணம். ஆகவே கடல் அரிப்பு நம் காலத்தில் புதிதாக வந்ததன்று. ஆனால் அதற்கு ஈடு கொடுத்துவந்த ஆற்றின் கை இப்போது வெறுங்கையாகிவிட்டது.

சிதம்பரத்தின் தலவிருட்சம் தில்லை. ஆனால் அம்மரத்தை இன்று காண விரும்புவோர் கிழக்கே பிச்சாவரம் செல்ல வேண்டும். தில்லை என்பது உப்பும் நன்னீரும் கலக்கும் சதுப்பில் வளரும் அலையாத்தி மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. அம்மரக் காட்டின் பெயரையே ஊரும் தாங்குகிறது. அவ்வனத்தில்தான் ஆனந்தக் கூத்தன் ஆடினான் என்பது நம் நம்பிக்கை. இன்று வெள்ளாற்றின் முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்தின் முகத்துவாரத்துக்கும் இடையே சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் அலையாத்திக் காடு எஞ்சியிருக்கிறது. ஆறு கொண்டுவரும் வண்டலை அதன் வேர்கள் வலைபோல் பிடித்துக்கொள்கின்றன. அந்தச் சேற்றில் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. அவற்றை நாடிப் பறவைகள் வருகின்றன. அவற்றை நம்பி மீனவர் வாழ்கின்றனர். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது, இந்தக் காட்டின் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

ஒரு காலத்தில் இக்காடும் நலிந்தது. மரங்களை வெட்டிய இடங்களில் நீர் தேங்கி, ஆவியாகி, உப்புப் பூத்து, மரம் முளைக்காத திடலாயிற்று. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து, மீன்முள் போன்ற வடிவில் கால்வாய்கள் வெட்டினர். அலைநீர் உள்ளே வந்து திரும்பிப் போக வழி கிடைத்ததும், நட்ட கன்றுகள் தழைத்துக் காடு மீண்டது. நீருக்கு அதன் வழியைத் திருப்பிக் கொடுத்தால் நிலம் நம்மை மன்னிக்கத் தயாராகவே இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நம் பங்குக் கரை

இவ்விடத்தில் காவிரியை விட்டு வைகைக்கு ஒரு கணம் வாருங்கள். ஆண்டுதோறும் ஆவணி மூலத்தில் மதுரையில் நடக்கும் பிட்டுத் திருவிழாவின் கதை நாம் அனைவரும் அறிந்ததே. வைகையில் வெள்ளம் பெருகிக் கரை உடைந்தபோது, பாண்டியன் வீட்டுக்கு இவ்வளவு என்று கரையைப் பங்கிட்டு அடைக்கச் சொன்னான். பிட்டு விற்றுப் பிழைத்த மூதாட்டி வந்திக்கு ஆள் இல்லை. சோமசுந்தரக் கடவுளே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று, மண் சுமந்தார். சரியாக வேலை செய்யவில்லை என்று பாண்டியன் பிரம்பால் அடித்தபோது, அந்த அடி அரசன், அரசி, அமைச்சர், மக்கள், சகல உயிர்கள் மீதும் விழுந்தது.

இளமையில் இக்கதையை இறைவனின் எளிமைக்காகக் கேட்டேன். இப்போது வேறு இரண்டு செய்திகளும் அதில் தென்படுகின்றன. ஒன்று, ஆற்றங்கரையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு இருந்தது. வயதானவள், ஆதரவற்றவள் என்று வந்திக்குக்கூட விலக்கு இல்லை. மற்றொன்று, மண் சுமப்பவன்மீது விழும் அடி எல்லா உயிர்கள் மீதும் விழும். மண் சுமந்து வரும் நம் தாயின்மீது நாம் போட்ட அடி இப்போது கிணற்றிலும், பாலத்திலும், கடற்கரையிலும், படித்துறையிலும் விழுந்துகொண்டிருக்கிறது.

நம் வயதில் கூடை தூக்க முடியாது. ஆனால் நமக்கும் பங்கு உண்டு. நம் ஊர்க் கோயில் குளத்திலும் ஏரியிலும் தூர் வாரும்போது, அந்த வண்டல் மேட்டில் கிடந்து வீணாகாமல் வயலுக்குப் போகிறதா என்று கேட்கலாம். கிராம சபையில் மூத்தவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டால் அதற்கு மதிப்பு இருக்கிறது. துலா ஸ்நானத்துக்குச் செல்லும்போது பழைய துணியை ஆற்றில் விடாமல் இருக்கலாம். நீர் கடலுக்குப் போனாலும் அந்தத் துணி மதகில் சிக்கிக்கொள்ளும். பிள்ளைகள் வீடு கட்டும்போது, எங்கிருந்து மணல் வருகிறது என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆறு எப்படி இருந்தது என்பதைக் கண்ணால் கண்ட கடைசித் தலைமுறை நாம். படித்துறையில் எத்தனை படிகள் மணலுக்குள் இருந்தன என்பதைப் பேரக் குழந்தைகளுக்குச் சொல்லாவிட்டால், இந்தப் பள்ளம்தான் காவிரி என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

ஆடிப் பதினெட்டன்று நடந்ததை முடிக்கவில்லையே. பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு கரையோரமாகச் சிறிது தூரம் நடந்தேன். ஓரிடத்தில் நாணல் தூர் ஒன்று நீருக்குள் சாய்ந்து நின்றது. அதன் பின்புறம், வேகம் தணிந்த நீரில், ஒரு முழம் அகலத்துக்குப் புது வண்டல் படிந்திருந்தது. அவனைக் கரையில் நிறுத்திவிட்டு, நான் மெல்ல இறங்கி ஒரு பிடி எடுத்தேன். வழவழப்பாக, குளிர்ச்சியாக, குடகு மலையிலிருந்து வந்த மண்.

"இவ்வளவுதானா தாத்தா?" என்றான்.

"பிள்ளையாருக்கு இது போதும்" என்றேன்.

நான் ஏன் முன்பு சிரிக்கவில்லை என்று திரும்பி வரும் வழியில் கேட்டான். லாரிக் கடன் கதையை அவனுக்குப் புரியும் அளவில் சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நாம எடுத்ததைத் திருப்பிப் போட்டுடணும், இல்லையா?" என்றான்.

பூஜை முடிந்தது. மாலையில் அவனே பிள்ளையாரை இரு கைகளாலும் ஏந்திச் சென்று, அதே நாணல் தூரின் அடியில் மெதுவாகக் கரைத்துவிட்டு வந்தான்.

காவிரித் தாயின் திருவடிகள் போற்றி.